பழைய உறுப்பினர்கள் இருவர் மோதிக்கொண்டே இருந்தால் மட்டுறுத்துநர் என்ன செய்வது?

தாழம்பூ:

டெலிகிராமில் சுமார் 600 பேர் உள்ள மொழிபெயர்ப்புக் குழு. மட்டுறுத்துநர்கள் மூன்று பேர். நிறையப் பங்களிக்கும் பழைய உறுப்பினர்கள் இருவர், ஒரு மாதமாக எந்தத் தலைப்பு வந்தாலும் முட்டிக்கொள்கிறார்கள். ஒரு சொல்லுக்கு எது பொருத்தமான தமிழ் என்று தொடங்கும் பேச்சு, பத்துப் பதிவுக்குள் "உனக்கு என்ன தெரியும்" என்பதில் வந்து நிற்கிறது. கடுமையான பதிவுகளை நீக்கினோம். "இருவரும் அமைதி காக்கவும்" என்று பொதுவில் இரண்டு முறை எழுதினோம். பலனில்லை; இப்போது மற்றவர்களும் கட்சி பிரிகிறார்கள். இருவரையும் வெளியேற்ற மனமில்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது?

கல்தூண்:

பொதுவில் எழுதிய அந்த இரண்டு அறிவிப்புகள்தான் நிலைமையை இறுக்கியிருக்கும். 600 பேர் முன்னால் கண்டிக்கப்பட்டவர் பின்வாங்கினால் முகம் போகும். அதனால் இன்னும் ஒரு பதிவு போடத்தான் செய்வார். "இருவரும்" என்ற சொல்லும் சிக்கல். யார் எந்த வரியில் தவறினார் என்று சொல்லாததால், அது மற்றவருக்கான எச்சரிக்கை என்றே ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்வார்.

அடுத்த முறை சண்டை தொடங்கியதும் முதலில் வேகத்தைக் குறையுங்கள். குழு அமைப்புகளில் மெதுவான முறை (slow mode) இருக்கிறது: ஒரு பதிவு போட்டவர் அடுத்ததைப் போட நீங்கள் வைத்த நேரம் வரை காத்திருக்க வேண்டும். அதை 15 நிமிடத்தில் வையுங்கள், சூடு மிகுந்தால் 1 மணி நேரம். எத்தனை மணிக்கு எடுப்பீர்கள் என்பதையும் அறிவியுங்கள். நேரம் சொல்லாமல் பூட்டினால், "ஏன் பூட்டினீர்கள்" என்பதே அடுத்த சண்டையாகிவிடும். மெதுவான முறை நிர்வாகிகளைக் கட்டுப்படுத்தாது என்பதையும் கவனியுங்கள். மற்றவர்கள் காத்திருக்கும் நேரத்தில் மட்டுறுத்துநர் விவாதத்தில் கருத்துச் சொன்னால் நடுநிலை அங்கேயே போயிற்று.

நீக்குவதற்கு முன் சேமிக்க வேண்டும். நிர்வாகிகளுக்குத் தெரியும் அண்மைச் செயல்கள் பட்டியலில் நீங்கள் நீக்கியவையும் திருத்தப்பட்டவையும் 48 மணி நேரம் மட்டுமே இருக்கும். அதற்குள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, தேதி, நேரம், பதிவின் இணைப்போடு மட்டுறுத்துநர்களுக்கு மட்டுமான தனிக் குழுவில் போட்டுவையுங்கள். முழுச் சங்கிலியையும் எடுங்கள். கடைசி வசையை மட்டும் எடுத்தால், அதைக் கிளப்பிவிட்ட மூன்றாவது பதிவு யாருடையது என்று பிறகு தெரியாது.

பிறகு தனிமடல். இருவருக்கும் தனித்தனியே, ஒரே மட்டுறுத்துநரிடமிருந்து, ஒரே நாளில். மூவரும் ஒரே உரையாடலில் வேண்டாம். அது இன்னொரு சண்டைக்களமாகிவிடும். மடலில் மூன்று செய்திகள் போதும்: அவர் எழுதிய வரி அப்படியே மேற்கோளாக, அது மீறும் விதி, இனி என்ன நடக்கும். உதாரணமாக:

"நேற்று மாலை நீங்கள் எழுதிய 'உனக்கு என்ன தெரியும்' என்ற வரி, ஆளைத் தாக்கக் கூடாது என்ற விதியை மீறுகிறது. உங்கள் மொழிபெயர்ப்புக் கருத்தில் எங்களுக்குச் சிக்கல் இல்லை. இன்று முதல் 30 நாட்கள் நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் பதிலளிக்க வேண்டாம்."

"உங்கள் மனப்பான்மை", "எப்போதுமே இப்படித்தான்" போன்ற சொற்கள் அந்த மடலில் வரவே கூடாது. வரியைப் பற்றிப் பேசினால் அவர் வரியைத் திருத்திக்கொள்ள முடியும். ஆளைப் பற்றிப் பேசினால் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார்.

அந்த 30 நாள் ஏற்பாடுதான் முக்கியம். ஆங்கில விக்கிப்பீடியாவில் இது நெடுங்காலமாக இருக்கும் வழிமுறை: இருவரும் எங்கும் பங்களிக்கலாம், ஒருவரையொருவர் மட்டும் தொடக்கூடாது. ஓட்டைகளை முன்கூட்டியே அடைத்து எழுதுங்கள். பதில் கூடாது, பெயர் சுட்டக் கூடாது, மேற்கோள் காட்டக் கூடாது, எதிர்வினைக் குறியும் கூடாது. "பெயர் சொல்ல விரும்பவில்லை, ஆனால் சிலர்..." என்ற மறைமுகப் பேச்சும் அடங்கும். பெரும்பாலும் அந்தக் கடைசி ஓட்டை வழியாகத்தான் சண்டை திரும்ப உள்ளே வரும்.

மீறினால் 24 மணி நேரம் எழுதத் தடை, பிறகு 7 நாள், பிறகு 30 நாள், அதன் பிறகு நீக்கம். எழுதும் அனுமதியை மட்டும் எடுங்கள். படிக்கும் அனுமதி இருக்கட்டும். முற்றிலும் வெளியே தள்ளினால் வேறொரு குழுவில் உட்கார்ந்து இதைப் பேசுவார்.

நீலமலை:

கல்தூண் சொன்னது சரிசமமான சண்டைக்குப் பொருந்தும். ஆனால் இது சண்டையா, துரத்தலா என்பதை அதற்கு முன்பே பாருங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

ஒரு மாதப் பதிவுகளைத் திறந்து எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு மோதலிலும் முதலில் மற்றவருக்குப் பதில் எழுதியது யார்? பேச்சைத் தலைப்பிலிருந்து ஆளுக்குத் திருப்பியது யார்? "நீங்கள்" என்பது "நீ"யாக மாறிய இடம் நல்ல அடையாளம். தமிழில் சண்டை அங்கேதான் பெரும்பாலும் திரும்பும். பத்து மோதலில் எட்டை ஒருவரே தொடங்கியிருந்தால், ஒருவர் போகும் இழைக்கெல்லாம் மற்றவர் பின்னாலேயே போனால், தனிமடலிலும் தொடர்ந்தால், சொந்த வாழ்க்கையை இழுத்தால், அது துரத்தல். அங்கே இருவருக்கும் சமமான தடை என்பது அநீதி. தாக்கப்பட்டவர் பேச்சை நிறுத்திக்கொள்வார், தாக்கியவருக்கு வெற்றி. கட்டுப்பாடு ஒருவருக்கு மட்டும் போகட்டும். சமரசப் பேச்சுக்கும் அழைக்காதீர்கள்; தாக்கியவரோடு உட்காரச் சொல்வதே இன்னொரு சுமை.

மிரட்டல், முகவரியோ தொலைபேசி எண்ணோ வெளியிடுதல் என்றால் எச்சரிக்கைப் படிகள் எதுவும் வேண்டாம். சேமித்துவிட்டு உடனே நீக்கம்.

வற்புறுத்தி வாங்கும் பொது மன்னிப்பும் வேண்டவே வேண்டாம். "யாராவது புண்பட்டிருந்தால்" என்று ஒரு வரி வரும், அதன் கீழே நாற்பது பின்னூட்டம் வரும்.

தாழம்பூ:

எண்ணிப் பார்த்தேன். ஏழு மோதல்கள், தொடக்கம் நான்கு ஒருவர், மூன்று மற்றவர். எனவே சண்டைதான். இன்னும் இரண்டு கேள்விகள். மட்டுறுத்துநர் ஒருவர் அந்த இருவரில் ஒருவருக்கு நெருங்கிய நண்பர். அவரை என்ன செய்வது? கட்சி பிரிந்தவர்களுக்கு என்ன சொல்வது?

கல்தூண்:

நண்பர் இந்த விவகாரத்தில் முடிவெடுக்கவும் கூடாது, தனிமடல் அனுப்பவும் கூடாது. அதை இருவருக்கும் மடலிலேயே தெரிவித்துவிடுங்கள். பின்னால் "உங்கள் ஆள்" என்ற பேச்சு எழாது. மீதி இருவருக்குள் கருத்து வேறுபட்டால், இரண்டில் குறைந்த நடவடிக்கையை எடுங்கள்.

குழுவுக்குப் பெயர் இல்லாமல் மூன்று வரி போதும்: "அண்மை மோதல் குறித்து உரியவர்களிடம் பேசி முடிவெடுத்துவிட்டோம். அதைப் பற்றி இங்கே இனி விவாதம் வேண்டாம். கேள்வி இருந்தால் மட்டுறுத்துநருக்குத் தனிமடல் அனுப்புங்கள்." அதற்குப் பிறகும் கிளறும் முதல் பதிவை நீக்கி, எழுதியவருக்குத் தனியே காரணம் சொல்லுங்கள். அந்த முதல் பதிவை விட்டுவிட்டால் அறிவிப்புக்கு மதிப்பே இருக்காது.

மணல்கடிகாரம்:

இதே வழியை வாட்ஸ்அப் குழுவில் பின்பற்ற நினைப்பவர்களுக்கு: அங்கே மெதுவான முறை இல்லை, ஒருவரை மட்டும் எழுதவிடாமல் செய்யும் வசதியும் இல்லை. நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் என்ற அமைப்பை சில மணி நேரம் போடலாம். அது எல்லோருக்கும் வாய்ப்பூட்டு என்பதால் ஓர் இரவுக்கு மேல் வேண்டாம். நிர்வாகி எல்லோருக்குமாக நீக்கும் செய்தியைத் திரும்பப் பார்க்கப் பட்டியலும் கிடையாது. எனவே ஸ்க்ரீன்ஷாட் முதலில், நீக்கம் பிறகு.

தாழம்பூ, ஒருவருக்கொருவர் பதிலளிக்கக் கூடாது என்ற 30 நாள் ஏற்பாடு முடியும் நாளுக்கு மூன்று நாள் முன்பே இருவருக்கும் ஒரு மடல் அனுப்புங்கள்: நீட்டிக்க விருப்பமா என்று. பலர் "இப்படியே இருக்கட்டும்" என்பார்கள். ஒருவர் கேட்டாலே நீட்டித்துவிடுங்கள்.