டியூனருக்குத் தமிழில் என்ன சொல்வது?

லண்டனிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பகுதித் தமிழ் முதியோர் கூடத்துக்காக எட்டுப் பக்கக் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் பழைய ஸ்டீரியோ பெருக்கியும் (ஆம்ப்ளிஃபையர்) நல்ல ஸ்பீக்கர் பெட்டிகளும் வைத்திருப்பவர்கள், அவற்றோடு ஒரு டிஜிட்டல் டியூனரைச் சேர்த்து ரேடியோ கேட்பது எப்படி என்பதுதான் விஷயம். ஏழு பக்கம் முடிந்துவிட்டது. தலைப்பில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

'வானொலிப் பெட்டி' என்று போட முடியாது. வானொலிப் பெட்டி தானே பாடும். டியூனர் பாடாது. நிலையத்தைப் பிடித்து, பின்பக்கத்துச் சிவப்பு, வெள்ளைத் துளைகள் வழியே பெருக்கியிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இது தெரியாமல் டியூனரை மட்டும் வாங்கிப் போய், 'சத்தமே வரவில்லை' என்று கடையில் திருப்பிக் கொடுத்த பெரியவர் ஒருவர் எங்கள் கூடத்திலேயே இருக்கிறார். அதனால்தான் இந்தச் சொல்லில் இவ்வளவு பிடிவாதம்.

'இசைவி' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது பாட்டுப் பெட்டி மாதிரிப் படுகிறது. உங்கள் யோசனை?

மதுரையிலிருந்து:

இசைவி நல்ல சொல்தான் அம்மா. இசைதல் என்றால் பொருந்துதல். 'அவன் அதற்கு இசைந்தான்' என்கிறோமே, அங்கே பாட்டா இருக்கிறது? பெட்டி நிலையத்தின் அலைக்கு இசைந்துபோகிறது, அவ்வளவுதான். ஆனால் பாமர வாசகர் முதலில் பாட்டைத்தான் நினைப்பார் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

யாழ் நரம்பைச் சுருதி கூட்டுவதற்குப் 'பண்ணல்' என்று பெயர். சிலப்பதிகாரம் கானல் வரியில் யாழ் மீட்டுவோர் செய்யும் எட்டுச் செயல்களைச் சொல்லும்போது முதலில் வருவது அதுதான். அதிலிருந்து ஒரு சொல் எடுக்கலாமா என்று நேற்று இரவு முழுக்க ஆசைப்பட்டேன். ஆனால் பண்ணுவது 'பண்ணி' என்றல்லவா ஆகிவிடும்! வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் ஒரு வாரம் சிரிப்பார்கள். விட்டுவிட்டேன்.

பர்மிங்காமிலிருந்து:

யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வருடம் ரேடியோ திருத்தினவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

அந்தக் காலப் பெட்டியில் குமிழைத் திருகினால் நூல் இழுபட்டு முள் நகரும். வெளியே தெரிவது அவ்வளவுதான். உள்ளே அலுமினியத் தகடுகள் இரண்டு அடுக்கு, ஒன்றின் இடுக்குக்குள் மற்றது விசிறி மடங்குவதுபோல நுழையும். தகடு நுழைய நுழையக் கொள்ளளவம், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் திறன், கூடும், சுற்றின் அதிர்வெண் குறையும். அது நிலையத்தின் அதிர்வெண்ணோடு ஒன்றுபடுகிற இடத்தில் பாட்டு வரும். இந்தியப் புத்தகங்களில் இதை ஒத்ததிர்வு என்கிறார்கள். நாங்கள் இலங்கையில் 'பரிவு' என்று படித்தோம். ஒரு நிலையத்தின் மேல் சுற்று பரிவு கொள்ளுகிறது! எனக்கு இன்றைக்கும் அந்தச் சொல் பிடிக்கும். ஆனால் 'பரிவி' என்று எழுதினால் யாருக்கு விளங்கும்?

கடைக்கு வந்த சனம் ஒருநாளும் டியூன் என்று சொன்னதில்லை. 'ஸ்டேஷன் பிடிக்குதில்லை' என்றுதான் சொல்லும். ஆயிரம் அலை வந்து விழுகிற இடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் அந்தச் சுற்றின் வேலை. ஆகவே 'அலைதேரி' என்கிறேன்.

தூத்துக்குடியிலிருந்து:

அண்ணாச்சி, மன்னிக்கணும். எங்கள் பக்கம் தேரி என்றால் செம்மணல் மேடு. அலைதேரி என்று படித்ததும் கடலோரத்தில் மணல் பறக்கிற காட்சிதான் கண்ணில் வந்தது. அலையும் இருக்கிறது, தேரியும் இருக்கிறது, ரேடியோவைத்தான் காணோம்.

ஏற்பு – ஏற்பி போல, தேர்வு – தேர்வி. 'அலைதேர்வி' என்று வைத்தால் சரியாகிவிடும்.

லண்டனிலிருந்து:

அலைதேர்வி என்று போட்டுக் கையேட்டை முடிக்கத்தான் நினைத்தேன். நான்காம் பக்கத்தில் இடித்தது.

எஃப்எம்மில் ஒரு நிலையத்துக்கு ஓர் அலை. இங்கே பிரிட்டனில் டிஏபி என்கிற டிஜிட்டல் ஒலிபரப்பு முறை அப்படியில்லை. பிபிசியின் தேசிய நிலையங்கள் எல்லாம் 225.648 மெகாஹெர்ட்ஸை நடுவில் வைத்து, ஏறக்குறைய ஒன்றரை மெகாஹெர்ட்ஸ் அகலப் பட்டையில் ஒன்றாகக் கட்டி அனுப்பப்படுகின்றன. அந்தப் பட்டைக்கு 12பி என்று பெயர். அதற்குள் 1,536 சின்னச் சின்ன அலைகள், எல்லா நிலையத்தின் தரவும் அவற்றில் கலந்து கிடக்கிறது. ரேடியோ 3 கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ரேடியோ 4-க்கு மாற்றினால் பெட்டி வேறு அலைக்குப் போவதே இல்லை. அதே கட்டிலிருந்து வேறு தரவை உருவுகிறது. அலையைத் தேர்வது பாதி வேலை. மீதிப் பாதிதான் கேட்பவர் கைக்கும் காதுக்கும் தெரிகிறது. அவர் தேர்வது நிலையத்தை, அதுவும் பெயரைப் பார்த்து. திரையில் அதிர்வெண் இருந்தாலும் யாரும் பார்ப்பதில்லை.

ஆகவே 'நிலையத்தேர்வி' என்று வைத்து ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். சொல் நிற்கிறதா விழுகிறதா என்பது வாக்கியத்தில் போட்டால்தானே தெரியும்:

> நிலையத்தேர்வி வாங்கும்போது பெட்டியில் 'டிஏபி பிளஸ்' என்ற குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிலையத்தேர்வியின் கம்பியைப் பெருக்கியின் 'டியூனர்' அல்லது 'ஆக்ஸ்' துளையில் செருகுங்கள். 'ஃபோனோ' துளை இசைத்தட்டுக்கானது. அதில் செருகினால் ஒலி சிதைந்து அலறும். ஆன்டெனாவை நிமிர்த்தி வையுங்கள். டிஏபி அலை செங்குத்தாக வருகிறது. எஃப்எம்முக்காகச் சுவரில் படுக்கையாக அடித்த நாடா இதற்குச் சரிவராது. சுமார் 65 சென்டிமீட்டர் நீளம் போதும், ஜன்னல் ஓரம் நல்லது. அலை குறைந்தால் எஃப்எம் போல 'உஸ்' என்று இரையாது. சேற்றில் குமிழி விடுவதுபோல் களகளவென்று கேட்டு, சட்டென்று நின்றுபோகும்.

முதல் வரி நான் பட்டு எழுதியது. பழைய பொருள் விற்கும் ஒரு கடையில் 'டிஜிட்டல்தான், கவலைப்படாதீர்கள்' என்று ஓர் அழகான பெட்டியைக் கொடுத்தார்கள். முகப்பு முழுக்க வெள்ளி நிறம், கனமான குமிழ். வீட்டில் ஸ்கேன் செய்தால் பிபிசி வருகிறது, தனியார் நிலையங்களில் பாதிக்கு மேல் காணோம். டிஏபி பிளஸ் 2007-இல் வந்த முறை. என் பெட்டி அதற்கும் மூத்தது, ஒலியைச் சுருக்கி அனுப்பும் பழைய எம்பி2 முறை மட்டும்தான் அதற்குப் புரியும். ஸ்டீரியோவுக்கென்றே பெட்டி வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய முறையில் இடத்தை மிச்சம் பிடிக்கப் பல நிலையங்கள் மோனோவிலேயே, அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலியாகவே, ஓடின. ரேடியோ 3-க்குப் பெரும்பாலும் நொடிக்கு 192 கிலோபிட் தரவு கொடுக்கிறார்கள், அதை நல்ல பெருக்கியில் கேட்கலாம். 64 கிலோபிட் மோனோவுக்கு இரண்டு ஸ்பீக்கர் எதற்கு?

பர்மிங்காமிலிருந்து:

தங்கச்சி, பத்தி வடிவாக இருக்கிறது. சேற்றுக் குமிழி உண்மை. ஆனால் டிவிக்குள் இருக்கிற டியூனரை என்ன செய்வாய்? அதுவும் நிலையத்தேர்வியா? கைத்தொலைபேசிக்குள் கூட ஒன்று இருக்கும்.

யோசித்துப் பார்த்தால் ஆங்கிலக்காரன் இரண்டு சாமானுக்கு ஒரே பெயரை வைத்துவிட்டான். ஒன்று உள்ளே இருக்கிற சுற்று. மற்றது தட்டில் வைக்கிற பெட்டி. அவன் வைத்தான் என்பதற்காக நாமும் ஒரே சொல்லில் இரண்டையும் அடக்க வேணுமா? சுற்றுக்கு அலைதேர்வி. பெட்டிக்கு நிலையத்தேர்வி. நிலையத்தேர்விக்குள் ஓர் அலைதேர்வி இருக்கும் என்று எழுதினால் என்னைப்போல் திருத்துகிறவனுக்கும் விளங்கும், வாங்குகிறவனுக்கும் விளங்கும்.

கையேட்டில் இதையும் சேர்த்துவிடு. என் மனிசி குசினியில் எஃப்எம் வைத்திருக்கிறா, நான் ஹாலில் டிஏபி. பிபிசியின் மணிச் சத்தம் அங்கே கேட்டு ஓரிரு நொடி கழித்துத்தான் எனக்குக் கேட்கும். தரவைக் கட்டி அவிழ்க்கிற நேரம் அது. பெட்டி பழுது என்று யாரும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

மதுரையிலிருந்து:

இரண்டு சொல் என்பது எனக்குச் சம்மதம். இசைவியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

ஆனால் அந்தக் 'கட்டு' என்ன பாவம் செய்தது? பல நிலையங்களைச் சேர்த்துக் கட்டிய அதை ஆங்கிலத்தில் சொல்வதுபோல் மல்டிபிளெக்ஸ் என்றே விட்டுவிடப் போகிறீர்களா? எங்கள் ஊர்ப் பூக்கடையில் மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து எல்லாம் ஒரே நாரில் சேர்த்துக் கட்டித் தருவார்கள். கதம்பம் என்போம். ஒரே சரம், ஆனால் ஒவ்வொரு பூவும் தனித்தனியாகத் தெரியும். 'அலைக்கதம்பம்' என்று சொல்லிப் பாருங்களேன்.

தூத்துக்குடியிலிருந்து:

கதம்பத்துக்கு என் ஓட்டு. தேரிக்கு இனி வேலை இல்லை என்பதால் நிம்மதியாகத் தூங்குவேன்.

லண்டனிலிருந்து:

நேற்றுக் கூடத்தில் சோதித்துப் பார்த்தேன். பெட்டியைத் திருப்பிக் கொடுத்த அதே பெரியவரிடம், 'இது நிலையத்தேர்வி ஐயா' என்று மட்டும் சொன்னேன். 'அப்போ பாடுறதுக்கு வேற ஒண்டு வேணுமே?' என்று கேட்டார்.

தலைப்பு முடிந்தது. நான்காம் பக்கத்தில் '12பி அலைக்கதம்பம்' என்று போட்டுவிட்டேன். இனி முன்னால் ஒட்டுவது இலக்கமுறையா, எண்ணிமமா, டிஜிட்டலா என்று யாராவது தனி இழை தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதுவரை டிஜிட்டல் என்றே வைத்திருக்கிறேன்.