புதுப்பிப்பு: இன்சுலின் போடுறவங்களுக்குப் பொட்டாசியம், இளநீர்க் கேள்விக்குப் பதில்

முந்தைய பதிவில் சொன்னது: இன்சுலின் சர்க்கரையோடு பொட்டாசியத்தையும் ரத்தத்திலிருந்து செல்லுக்குள் அனுப்பும். அதன்கீழ் ஓர் அண்ணாச்சி, "பொட்டாசியம் 5.6 வந்திருக்கு, இளநீரை நிறுத்தணுமா?" என்று கேட்டிருந்தார்.

5.6 இயல்பைவிட அதிகம். முதலில் அது நிஜமா என்று பாருங்கள். ரத்தம் எடுக்கும்போது கையில் பட்டையை இறுக்கிக் கட்டி, விரல்களை மூடி மூடித் திறந்தாலோ, ரத்தம் லேபுக்குத் தாமதமாகப் போனாலோ அளவு பொய்யாக ஏறும். அன்றைக்கே மறுபடி எடுங்கள். கூடவே சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினின், சர்க்கரை.

நிஜம்தான் என்றால் இன்சுலின் ஊசி தவறியதா, சிறுநீரகம் தளர்ந்ததா, பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய மாத்திரைகளான ராமிப்ரில், டெல்மிசார்ட்டான், ஸ்பைரோனோலாக்டோன் ஓடுகிறதா என்று டாக்டர் பார்க்கணும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதுவரை பொட்டாசியம் நிறைந்த இளநீர், பதநீர் வேண்டாம். 'சோடியம் குறைந்த' உப்பு வேண்டவே வேண்டாம். அதில் கலந்திருப்பது பொட்டாசியம் குளோரைடு. சொதிக்கு உருளைக்கிழங்கை நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, பொட்டாசியம் இறங்கிய அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். சர்க்கரை இறங்கினால் இளநீருக்குப் பதில் 15 கிராம் குளுக்கோஸ்.

வாந்தி, வேகமூச்சு, கீட்டோன் (இன்சுலின் போதாமல் கொழுப்பு எரிந்து சேரும் அமிலப் பொருள்) இருந்தால் கதையே வேறு. ரிப்போர்ட்டில் 5.6 காட்டும்; உடம்பிலிருந்தோ எடையில் கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிமோல் பொட்டாசியம் சிறுநீரில் போயிருக்கும். இன்சுலின் ஏறியதும் அளவு சரியும், இதயத்துடிப்பு தடுமாறும். அதனால்தான் 3.5க்குக் கீழே இருந்தால் முதலில் பொட்டாசியத்தை ஏற்றுவார்கள், பிறகுதான் இன்சுலின். இதை வீட்டில் சமாளிக்க முடியாது. நேரே பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ, பக்கத்தில் ஐசியு உள்ள இடத்துக்கோ போங்கள், ராத்திரியானாலும்.