வெளிநாட்டுல இடம் குறைவான வீட்டுக்கு டாய்லெட் பேப்பர், கிச்சன் ரோல்: டெல்டா மக்கள் கேட்டதும் சொன்னதும்

கேள்வி (மாயவரம்)

வணக்கம் அண்ணா, அக்கா. நானும் வீட்டுக்காரரும் அடுத்த மாசம் மான்செஸ்டர் கிளம்புறோம். ஒரு பெட்ரூம் ஃபிளாட்டுதான். குளியலறைக்கு ஜன்னல் கிடையாதாம். டாய்லெட் பேப்பர், கிச்சன் ரோல் எல்லாம் மறுசுழற்சி, மூங்கில்னு என்னென்னவோ பேர்ல விக்குது. சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாததா வாங்கணும்னு ஆசை. எதைப் பார்த்து வாங்கறது? மொத்தமா வாங்கினா எங்க வைக்கறது? ஊர்லேர்ந்து ஏதாவது எடுத்துட்டு வரணுமா?

பதில் (திருவையாறு, இப்போ பர்மிங்ஹாம்)

எந்த பிராண்டுன்னு பார்க்கறதுக்கு முன்னாடி எவ்வளவு தேவைன்னு பாருங்கம்மா. நாம தண்ணி ஊத்திக் கழுவுற ஆளுங்க. பேப்பர் ஈரத்தை ஒத்தி எடுக்க மட்டும்தான். ஒரு தடவைக்கு 3 தாள், ஒருத்தருக்கு நாளைக்கு 6 தடவைன்னு தாராளமா வச்சாலும் ரெண்டு பேருக்கு 36 தாள். 200 தாள் ரோல் ஒண்ணு அஞ்சு நாளைக்கு மேல வரும். மாசத்துக்கு 6 ரோல் போதும். 24 ரோல் பாக்கெட் நாலு மாசம் ஓடும். ஆன்லைன்ல 48 ரோல் பெட்டியை "குடும்பப் பெட்டி"ன்னு தலையில கட்டுவாங்க. உங்களுக்கு அது எட்டு மாச சரக்கு. ஒரு பெட்ரூம் வீட்டுல அதுக்கு வாடகை குடுக்கறது நீங்கதான்.

கழுவுறதுக்கு அங்க ஹெல்த் ஃபாசெட் இருக்காது. வாங்கி நீங்களே மாட்டிடலாம்னு நினைக்காதீங்க. பிரிட்டன் தண்ணி விதிப்படி டாய்லெட் பக்கத்துல இருக்கற கை ஷவர் ஆபத்து அதிகமான வகை. அழுக்குத் தண்ணி திரும்பிக் குடிநீர்க் குழாய்க்குள்ள போகாம தடுப்பு இருக்கணும். அதனால லேண்ட்லார்ட் அனுமதியும் விவரம் தெரிஞ்ச பிளம்பரும் இல்லாம தொடாதீங்க. இன்னொண்ணு, அந்த ஊர் குளியலறைத் தரையில பெரும்பாலும் வடிகால் ஓட்டையே இருக்காது. நம்ம ஊர் மாதிரி தரையில ஊத்திவிட்டா கீழ் வீட்டுக் கூரையில கறை இறங்கும். மூடியில வளைஞ்ச மூக்கு வச்ச அரை லிட்டர் பிழியற பாட்டில் கிடைக்கும். உட்கார்ந்த இடத்துலயே கழுவிக்கலாம், தரையில ஒரு சொட்டு விழாது. வாடகை வீட்டுக்கு அதுதான் சரி.

இனி வாங்கற விஷயம். பாக்கெட்டுல மரப் படம் போட்ட எஃப்எஸ்சி முத்திரை இருக்கும், காட்டைப் பொறுப்பா பராமரிக்கறாங்களான்னு பார்த்துச் சான்று குடுக்கற அமைப்போட முத்திரை. அது மூணு விதம். "எஃப்எஸ்சி 100%"ன்னா முழுக்கச் சான்று பெற்ற காட்டு மரம். அதாவது புதுசா வெட்டின மரம்தான். நிறைய பேர் நூறு சதவீதம்னு பார்த்ததும் இதுதான் ஒசத்தின்னு எடுத்துடுவாங்க. "மிக்ஸ்"ன்னா சான்று பெற்ற மரம், மறுசுழற்சி நார், கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வேற மரம்னு கலவை. "ரீசைக்கிள்டு"ன்னு இருந்தாதான் முழுக்கப் பழைய காகிதம். ஒரு தடவை தொடைச்சுத் தூக்கிப் போடற பொருளுக்குப் புது மரத்தை வெட்டக் கூடாதுன்னா மூணாவதைத் தேடுங்க. "பயோடீகிரேடபிள்"னு பெருசா போட்டிருந்தா கண்டுக்காதீங்க, எந்தக் காகிதம்தான் மக்காது? பழுப்பு நிறமும் சான்று ஆகாது. வெளுக்காத புது மரக் கூழும் பழுப்பாத்தான் இருக்கும்.

மூங்கில் புல் வகை, வெட்டினா திரும்பத் துளிர்க்கும், உண்மைதான். ஆனா கடையில இருக்கறதுல பெரும்பங்கு சீனாவுலேர்ந்து கப்பல்ல வருது. அதோட, 2024ல பிரிட்டனோட "விச்?" நுகர்வோர் அமைப்பு மூங்கில்னு விக்கற ரோல்களைச் சோதிச்சப்போ சிலதுல மூங்கில் நார் ரொம்பக் கொஞ்சமா இருந்துது, மிச்சமெல்லாம் வேற மரம். என்னைக் கேட்டா மறுசுழற்சிக்கு முதல் இடம், மூங்கிலுக்கு ரெண்டாவது. கரும்புச் சக்கைப் பேப்பர் கிடைச்சா அதையும் எடுக்கலாம். நமக்கு அது புதுசில்ல. நம்ம காவிரிக்கரையிலயே மேற்கே, கரூர் பக்கம் காகிதபுரத்துல இருக்கற டிஎன்பிஎல், அதான் தமிழ்நாடு அரசோட காகித ஆலை, 1979ல ஆரம்பிச்ச கம்பெனி. கரும்புச் சக்கையிலேர்ந்து காகிதம் பண்ணித்தான் பேர் வாங்குச்சு.

விலையை ரோல் கணக்குல பார்க்காதீங்க. "மெகா", "ஜம்போ"ங்கறதுக்கெல்லாம் பொது அளவு கிடையாது. ரோல் எண்ணிக்கையைத் தாளால பெருக்கி 100 தாளுக்கு என்னன்னு போடுங்க. கணக்குக்காக ஒரு விலை சொல்றேன். 9 ரோல், 160 தாள், மூணு அடுக்கு, 5.40 பவுண்டு: மொத்தம் 1,440 தாள், 100 தாளுக்கு 37.5 பென்ஸ். 24 ரோல், 300 தாள், ரெண்டு அடுக்கு, 21.60 பவுண்டு: 7,200 தாள், 100க்கு 30 பென்ஸ். ரெண்டாவது மலிவு மாதிரி தெரியும். அடுக்கையும் சேர்த்துப் பெருக்குங்க, கணக்கு தலைகீழாகும்: முதலாவது 100 அடுக்குக்கு 12.5, ரெண்டாவது 15. ஏன் அடுக்கைப் பார்க்கணும்னா, மறுசுழற்சியில நார் ஒவ்வொரு தடவையும் குட்டையாகும், ஈரம் பட்டா சீக்கிரம் கிழியும். ரெண்டு அடுக்கு மறுசுழற்சித் தாளைக் கழுவின ஈரத்துல ஒத்தினா துணுக்குத் துணுக்கா ஒட்டிக்கும். உடனே 3 எடுக்கற கை 6 எடுக்கும். கழுவுற ஆளுக்கு மூணு அடுக்கு மறுசுழற்சிதான் லாபம்.

இறங்கின முதல் வாரம் 4 ரோல் பாக்கெட் ஒண்ணு வாங்கிச் சோதிங்க. மூடி போட்ட பாட்டில்ல பாதித் தண்ணி, ரெண்டு தாள், பத்து விநாடி குலுக்குங்க. கஞ்சியா பிரிஞ்சா குழாய் அடைக்காது. முழுசா மிதந்தா வேண்டாம். பெரிய பாக்கெட் அதுக்கப்புறம்.

கேள்வி (மாயவரம்)

நன்றி அண்ணா. ஜன்னல் இல்லாத குளியலறைன்னு சொன்னேனே, அங்கயே அடுக்கலாமா?

பதில் (பட்டுக்கோட்டை, இப்போ டொராண்டோ)

குளியலறையில மாட்டினது ஒண்ணு, கைக்கெட்ட ஒண்ணு. அதுக்கு மேல வைக்காதீங்க தங்கச்சி. டிஷ்யூ காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். தினம் ரெண்டு பேர் சுடுதண்ணியில குளிச்சா ஐப்பசி மழையில திறந்து வச்ச பொரி மாதிரி நமுத்துடும்.

நம்ம ஊர்ல ஈரம் வெளியிலேர்ந்து உள்ள வரும். குளிர் ஊர்ல வீட்டுக்குள்ள நாமளே ஈரத்தை உண்டாக்கறோம். இட்லிப் பானை ஆவி, சாதம் வடிச்ச ஆவி, உள்ளயே காயப்போட்ட துணி எல்லாம் சேர்ந்து, ஜன்னல் மூடின வீட்டுல எங்க சுவர் ஜில்லுன்னு இருக்கோ அங்க போய்த் தண்ணியா படியும். அது வெளிச் சுவர்தான். அந்தச் சுவரை ஒட்டி அலமாரி வச்சு அதுக்குள்ள பேப்பரைத் திணிச்சா பின்வரிசை ரோல்ல சாம்பல் புள்ளி விழும், மக்கல் வாடை வரும். பூசணம். அதை உடம்புல படற வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது, தூக்கிப் போட்டுடுங்க.

ரெண்டு அறைக்கு நடுவுல இருக்கற உள் சுவர்ப் பக்கம் வைங்க. வெளிச் சுவர்தான் கதின்னா நாலு விரல்கடை இடைவெளி விடுங்க. ஈரப்பத மீட்டர் சின்னதா மலிவா கிடைக்கும். 40லேர்ந்து 60 சதவீதத்துக்குள்ள இருந்தா நிம்மதி. நாள்கணக்கா 70க்கு மேல நின்னா பூசணத்துக்கு வழி விட்டாச்சு. குளிச்ச பிறகு எக்ஸாஸ்ட் ஃபேன் இன்னும் 20 நிமிஷம் ஓடட்டும்.

இடம் குறைவான வீட்டுல பேப்பர் வைக்க நல்ல இடம் கட்டிலுக்கடி. சாதாரண ரோல் 11 செ.மீ. குறுக்களவு, 10 செ.மீ. உயரம். 100க்கு 70 செ.மீ. இடத்துல நிக்க வச்சா நீளவாக்குல 9, அகலவாக்குல 6, ஒரே அடுக்குல 54 ரோல். 24 ரோலுக்கு அதுல பாதி இடம் போதும். மூடி போட்ட தட்டை பிளாஸ்டிக் பெட்டி, 15 செ.மீ. உயரத்துக்குள்ள இருந்தா கட்டிலுக்கடியில நுழையும். வாங்கறதுக்கு முன்னாடி கட்டில் காலை அளந்துக்குங்க. வந்த அட்டைப் பெட்டியோடயே மாசக்கணக்கா வைக்காதீங்க. அட்டையில இருக்கற பசைக்கும் மாவுக்கும் ராமபாணப் பூச்சி, கரப்பான் வரும். பிளாஸ்டிக் உறை இல்லாம காகிதத்துல சுத்தி வர்ற ரோல் சுற்றுச்சூழலுக்கு நல்லதுதான், ஆனா அந்த உறை ஈரத்தைத் தடுக்காது. அதுக்குத்தான் மூடிப் பெட்டி.

மேல 10 கிலோ பொன்னி அரிசி மூட்டையை ஏத்திடாதீங்க. நடு அட்டைக்குழல் நசுங்கினா ரோல் சுத்தாது, இழுக்க இழுக்கக் கிழியும், வீணாகும். பெருங்காயம், கருவாடு பக்கத்துலயும் வேண்டாம், வாடை ஏறினா போகாது. ரூம் ஹீட்டர்லேர்ந்து ஒரு மீட்டராவது தள்ளி வைங்க. சாமி விளக்கு இருக்கற தட்டுக்குக் கீழயோ மேலயோ டிஷ்யூ பெட்டி கூடவே கூடாது.

கேள்வி (கும்பகோணம்)

பூச்சிக்கு வசம்பு முடிஞ்சு வைக்கலாமா? அம்மா பெட்டியில போட்டுவிடறேங்கறாங்க.

பதில் (நாகப்பட்டினம், இப்போ சிங்கப்பூர்)

தஞ்சாவூர் சரஸ்வதி மகால்ல சுவடிக்கு வசம்பு சேர்த்த பொடியைத் துணியில முடிஞ்சு வைக்கற வழக்கம் உண்டு. அது சுவடிக்கு. மூஞ்சி தொடைக்கற டிஷ்யூவுல அந்த நெடி ஏறிக்கும். ராமபாணம் முதல்ல தேடி வர்றது ஈரத்தைத்தான். ஈரத்தை நிறுத்துங்க, பெட்டியை மூடுங்க, போதும். நாஃப்தலின் உருண்டை மட்டும் போட்டுடாதீங்க.

சிங்கப்பூர் மாதிரி வருஷம் பூரா புழுக்கமான இடத்துக்கு வர்றவங்களுக்கு ஒண்ணு. இங்க எச்டிபிங்கற அரசு அடுக்குமாடி வீட்டுல இருக்கற போர்க்காலப் பாதுகாப்பறையைத்தான் எல்லாரும் ஸ்டோர் ரூமா வச்சிருக்காங்க. கனத்த இரும்புக் கதவு, காத்தோட்டம் குறைவு. அங்க பேப்பரைத் தரையிலேர்ந்து தூக்கி, மூடின பெட்டியில ஈரம் இழுக்கற சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட வைங்க. இந்த ஊர்ல நாலு மாச சரக்கும் வேண்டாம், ஒரு மாசத்துக்கு மட்டும் வாங்குங்க.

கேள்வி (மாயவரம்)

கிச்சன் ரோல் பத்தி யாரும் சொல்லலையே?

பதில் (திருத்துறைப்பூண்டி, இப்போ ஸ்டுட்கார்ட்)

அதுலதான் காசும் காகிதமும் அதிகம் போகுது. குறைக்கவும் அங்கதான் சுலபம். ஊர்லேர்ந்து எடுத்துட்டு வர வேண்டியது ஒண்ணே ஒண்ணு: நல்லா தொவைச்சுப் பழசான நாலு முழப் பருத்தி வேட்டி, ரெண்டு. 30 செ.மீ. சதுரமா கிழிச்சா ஒரு வேட்டியிலயே 20 துண்டுக்குக் குறையாது. மேடை தொடைக்க, கை தொடைக்க, கீரை அலசி ஒத்த எல்லாத்துக்கும் அதுவே. புதுத்துணி தண்ணியை இழுக்காது, பழசாத்தான் இருக்கணும்.

இதுல ஒரு ஆபத்து. எண்ணெய் தொடைச்ச துணியை வாஷிங் மெஷின்ல போட்டாலும் எண்ணெய் முழுக்கப் போகாது. அதை டிரையர்ல சூடு ஏத்திக் குவியலா விட்டா உள்ளயே சூடு கூடித் தீப்பிடிக்கும். சமையல் எண்ணெய் எதுவா இருந்தாலும் சரி, எண்ணெய்த் துணி கொடியில காயட்டும். வடை, அப்பளம் வடிக்க கம்பித் தட்டு வாங்கிக் கீழ ஒரு தட்டு வைங்க. எண்ணெயும் மிஞ்சும், வடையும் மொறுமொறுன்னு இருக்கும். செய்தித்தாள்ல வடிக்கற பழக்கத்தை ஊர்லயே விட்டுட்டு வாங்க. அச்சு மை சாப்பாட்டுல இறங்கும்னு 2016லயே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) எச்சரிச்சாச்சு. அப்போ கிச்சன் ரோல் எதுக்குன்னா பச்சை மீன், கறி வழிஞ்ச இடம், குத்துவிளக்குக் கசடு, வாணலியைக் கழுவறதுக்கு முன்னாடி எண்ணெயை வழிச்செடுக்க. மாசத்துக்கு ஒரு ரோல், மிஞ்சினா ரெண்டு.

கிச்சன் ரோலை டாய்லெட்ல போடவே கூடாது. ஈரத்துல கிழியாம இருக்க அதுல பிசின் சேர்த்திருப்பாங்க, மூக்குத் தொடைக்கற டிஷ்யூவுலயும் அப்படித்தான். கரையாது, வளைவுல சிக்கி நிக்கும். வெட் வைப்ஸ் இன்னும் மோசம். லண்டன் வைட்சேப்பல் சாக்கடையில 2017ல எடுத்த கொழுப்புக் கட்டி 130 டன், 250 மீட்டர் நீளம். எண்ணெயும் வைப்ஸும் சேர்ந்து இறுகினதுதான் அது.

பயன்படுத்தின டிஷ்யூ எந்த நாட்டுலயும் பேப்பர் மறுசுழற்சித் தொட்டிக்குப் போகாது. சாப்பாடு பட்ட கிச்சன் ரோலை இங்க உணவுக் கழிவுத் தொட்டியில கொஞ்சம் சேர்க்கலாம். மான்செஸ்டர்ல உங்க கவுன்சில் (நம்ம ஊர் நகராட்சி மாதிரி) பட்டியலைப் பாருங்க, ஊருக்கு ஊர் மாறும். நடு அட்டைக்குழல் பேப்பர் தொட்டிக்கு. கேக் சுடறப்போ அடியில போடற பேப்பர்ல சிலிக்கான் பூச்சு இருக்கும், அது குப்பைக்கு. ஜெர்மனி வர்றவங்களுக்கு முத்திரை விஷயம் சுலபம்: 1978லேர்ந்து இருக்கற "பிளாவர் எங்கெல்", நீல தேவதை. டிஷ்யூல அது இருந்தா முழுக்கப் பழைய காகிதம். சூப்பர் மார்க்கெட் சொந்த பிராண்டுலயே, மலிவு விலையிலயே இருக்கும்.

கேள்வி (மன்னார்குடி)

கடை ரசீதையும் பேப்பர் தொட்டியில போடலாமா? வளைகாப்புக்கு 30 பேர் வருவாங்க, பேப்பர் தட்டு எது வாங்கலாம்?

பதில் (திருவையாறு, இப்போ பர்மிங்ஹாம்)

ரசீதை நகத்தால கீறுங்க தம்பி. கறுப்புக் கோடு விழுந்தா அது வெப்பக் காகிதம், ரசாயனப் பூச்சு இருக்கு. குப்பையில போடுங்க. இந்தப் பூச்சுல போடற பிபிஏங்கற ரசாயனத்தோட அளவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2020ல கட்டுப்பாடு கொண்டுவந்துச்சு. ரசீது பழைய காகிதத்தோட கலந்தா மறுசுழற்சி டிஷ்யூவுலயும் அது கொஞ்சம் வந்து சேரும்.

பளபளன்னு இருக்கற பேப்பர் தட்டுல பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், மறுசுழற்சிக்கும் போகாது, மக்கவும் மக்காது. கரும்புச் சக்கைத் தட்டு 10 அங்குலம், பாக்கெட்டுல "பிஎஃப்ஏஎஸ் சேர்க்கலை"ன்னு இருக்கறதா பார்த்து எடுங்க. எண்ணெய் ஊறாம இருக்க முன்னாடி அந்த ரசாயனத்தைச் சேர்ப்பாங்க. தொழிற்சாலை உரக்கிடங்குலதான் சீக்கிரம் மக்கும், சில கவுன்சில் அதை எடுத்துக்காது, முன்னாடியே கேட்டுக்குங்க. 30 பேருக்கு 36 தட்டு, ரசத்துக்குத் தனியா 36 கிண்ணம். தமிழ்க் கடையில வாழை இலை கிடைச்சா தட்டே வேண்டாம். முதல் நாளே சொல்லி வச்சு, ஈரத்துணியில சுத்தி ஃபிரிட்ஜ் கீழ்த்தட்டுல வைங்க.