வேலையை விட்டுட்டு எம்.டெக்கா, எம்.பி.ஏ.வா?

எரணியல் வண்டி: பி.இ. முடிச்சு திருவனந்தபுரம் டெக்னோபார்க்குல ஜாவா வேலை. கைக்கு மாசம் 45 ஆயிரம். எல்லாரும் ஏஐங்காவ, எனக்கு வர்றது பழைய பில்லிங் சாஃப்ட்வேர்ல பக் சரி பண்ற டிக்கெட்தான். கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக் போகவா, தமிழ்நாட்டு டான்செட் தேர்வு எழுதி எம்.பி.ஏ. போகவா? அப்பாவுக்கு நான் நாகர்கோவில்லயே காலேஜ் வாத்தியார் ஆகணும்.

கோணம் பழைய மாணவன்: எம்.டெக்தான், அதுவும் முழுநேரம். 2024ல இருந்து கேட்ல டேட்டா சயின்ஸ், ஏஐக்குத் தனித்தாளே வந்தாச்சு. கேட் ஸ்கோரோட சேர்ந்தா மாசம் 12,400 உதவித்தொகை. அப்பா ஆசைக்கும் எம்.டெக்தான் வேணும், எம்.பி.ஏ.வை வச்சு இன்ஜினியரிங் பாடம் எடுக்க விடமாட்டாவ.

பார்வதிபுரம் பாலம்: அண்ணாச்சி, கணக்கை முழுசா சொல்லும். 12,400 வீதம் 24 மாசத்துக்கு 2,97,600. வேலையில இருந்தா 10,80,000. ஏழே முக்கால் லட்சத்துக்கு மேல நஷ்டம், ஃபீஸ் தனி. முடிச்சு வந்தாலும் அதே கோடிங்தான். கிளையன்ட் கிட்ட பேசி பட்ஜெட்டைக் கையில வச்சிருக்கவனுக்குத்தான் சம்பளம் ஏறுது. எம்.பி.ஏ. படிலே தம்பி.

ரப்பர் விளை: அமெரிக்கா எம்.எஸ். பத்தி யாரும் வாயே திறக்கலியே?

பார்வதிபுரம் பாலம்: திறந்தா கடன்தான். படிச்சப்புறம் ஓபிடிங்கிற மாணவர் வேலை அனுமதியில 3 வருஷம் வரை வேலை பாக்கலாம், செரி. பொறவு எச்1பி வேலை விசாவுக்குக் குலுக்கல். வருஷத்துக்கு 65,000, அங்கயே மாஸ்டர்ஸ் முடிச்சவங்களுக்குக் கூடுதலா 20,000, அவ்வளவுதான். விளையை, அதான் தோட்டத்தை, ஈடு வச்சு அனுப்பின வீட்டுல போய் கேளும்.

குழித்துறை அக்கா: நான் பெங்களூர்ல ஆள் எடுக்கிற இடத்துல இருக்கேன். எம்.பி.ஏ.ன்னா எந்த காலேஜ்னுதான் முதல்ல பாப்போம். அகமதாபாத், பெங்களூரு ஐஐஎம்னா கதை வேற, ஆனா ஃபீஸ் 20 லட்சத்தைத் தாண்டும். பேருக்கு ஒண்ணு வாங்கினா ரெஸ்யூமேல ஒரு வரி கூடும்.

சமீபத்துல ஒரு எம்.டெக் பையன் வந்தான். டெஸ்ட்ல பிரமாதமா வந்த ஏஐ மாடல் நிஜத்துல ஏன் சொதப்பும்னு கேட்டேன். மத்தவங்க ஓவர்ஃபிட்டிங்னு, அதாவது பயிற்சி டேட்டாவோட மாடல் அளவுக்கு மீறி ஒட்டிக்கிச்சுன்னு, ஒரு வார்த்தையில முடிச்சிடுவாங்க. இவன் எழுந்து போர்டுல வரைஞ்சான்: டேட்டாவைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிச்சப்ப ஒரே கஸ்டமரோட பில் ரெண்டு பக்கமும் விழுந்திருக்கு, மாடல் ஆளை மனப்பாடம் பண்ணிட்டுதுன்னு. தீசிஸ்ல மாசக்கணக்கா கிடந்து உருண்டவனுக்குத்தான் அது வரும். டிக்கெட் மூடுற வேலையில வராது மக்கா.

பார்வதிபுரம் பாலம்: அக்கா, அப்ப வேலையை விடாமலே படிக்கலாமே? பிட்ஸ் பிலானியில வேலை பாக்குறவங்களுக்குன்னே எம்.டெக் இருக்கு, ஐஐடி மெட்ராஸும் ஆன்லைன்ல நடத்துது.

குழித்துறை அக்கா: நல்ல வழிதான். ஆனா சாஃப்ட்வேர் ரிலீஸ் பண்ற வாரத்துல ராத்திரி 11 மணிக்கு ரூமுக்கு வந்து அசைன்மென்ட் எழுதுற திராணி வேணும். என் டீம்லயே பாதியில விட்டவங்க உண்டு.

எரணியல் வண்டி: கேட் ஸ்கோர் 3 வருஷம் செல்லும்தானே? பிப்ரவரியில எழுதுதேன். நல்ல இடம் கிடைச்சா மட்டும் போறேன்.

கோணம் பழைய மாணவன்: அப்படின்னா கம்ப்யூட்டர் சயின்ஸ், டேட்டா சயின்ஸ் ரெண்டு தாளுக்கும் சேர்த்தே ஃபார்ம் போடு. ரெண்டையும் எழுத விடுவாவ.

பார்வதிபுரம் பாலம்: எழுதட்டும். சீட்டு கையில வர்றதுக்கு முன்ன ராஜினாமா மட்டும் போட்டுடாத கேட்டியா. வேலையை விட உனக்கு நோட்டீஸ் எத்தனை நாள்?

எரணியல் வண்டி: 90 நாள்ணே. மே மாசம் சீட்டு வந்தா ஜூலை வகுப்புக்கு எப்படிப் போக?

பார்வதிபுரம் பாலம்: நோட்டீஸுக்குப் பணம் கட்டி இறங்கலாமான்னு ஆஃபர் லெட்டரை எடுத்துப் பாரு. அதையும் அந்த ஏழே முக்காலோட கூட்டிக்க.