டி5 குழல்விளக்கிலிருந்து எல்இடிக்கு மாறியபின் வெளுக்கும் பவளங்கள்: ஒளியை எவ்வளவு குறைப்பது?

கேள்வி

வணக்கம். என் பவளத் தொட்டி 60 செ.மீ. நீளமும் 45 செ.மீ. ஆழமும் உடையது. மூன்று ஆண்டுகளாக 24 வாட் டி5 குழல்விளக்குகள் நான்கின் கீழ் ஆக்ரோபோரா, ஹேமர், ஜோவாந்தஸ் ஆகிய பவள வகைகள் நன்றாகவே வளர்ந்து வந்தன. ஒன்பது நாட்களுக்கு முன் அந்த விளக்குகளை எடுத்துவிட்டு, நீர்ப்பரப்பிலிருந்து 25 செ.மீ. உயரத்தில் ஓர் எல்இடி விளக்கைப் பொருத்தினேன். பழைய வெளிச்சம் எப்படி இருந்ததோ அதே அளவு கண்ணுக்குத் தெரியும்வரை கூட்டிக்கொண்டே போய், நீலத்தை 70 விழுக்காட்டிலும் வெள்ளையை 40 விழுக்காட்டிலும் நிறுத்தினேன். விளக்கு எரியும் நேரம் முன்போலவே ஒன்பது மணி நேரம்தான்.

ஐந்தாம் நாளிலிருந்து, பாறை உச்சியில் உள்ள ஆக்ரோபோரா விளக்கைப் பார்த்த பக்கத்தில் மட்டும் வெளுத்து வருகிறது. நடுமட்டத்தில் உள்ள ஹேமர் பகலெல்லாம் சுருங்கியிருந்து, விளக்கு அணையும் வேளையில்தான் ஓரளவு விரிகிறது. மணல்மேல் உள்ள ஜோவாந்தஸுக்கு எந்தக் குறையும் இல்லை. வெளிச்சம் முன்பைவிடக் கூடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்படியிருக்க, இது ஒளியால் வந்த பாதிப்புதானா? ஆம் எனில், எவ்வளவு குறைக்க வேண்டும்?

பதில் 1

மேல்பக்கம் மட்டும் வெளுப்பதும் அடியில் உள்ளவை நலமாக இருப்பதும் ஒளி மிகுதியையே காட்டுகின்றன. இருப்பினும், வெளுத்த இடத்தை ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்துவிடுங்கள். வெண்மையின்மேல் நிறமற்ற மெல்லிய தசையும் சின்னஞ்சிறு பாலிப்புகளும் (பவளத்தை உருவாக்கும் குட்டி உயிர்கள்) தெரிந்தால், பவளம் தன்னுள் வாழும் ஜூசாந்தெல்லே பாசியை மட்டுமே இழந்திருக்கிறது, உயிர் இருக்கிறது. தசையே உரிந்து வெறும் கூடு தெரிந்தால், அதுவும் அடியிலிருந்து மேல்நோக்கிப் பரவினால், காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

வெளிச்சத்தைக் கண்ணால் ஒப்பிட்டதில்தான் தவறு நேர்ந்திருக்கிறது. நம் கண் 555 நானோமீட்டர் பச்சை ஒளியை உணர்வதோடு ஒப்பிட்டால், 450 நானோமீட்டர் நீல ஒளியை ஏறத்தாழ 4 விழுக்காடு அளவுக்குத்தான் உணர்கிறது. பாசியோ அந்த நீல ஒளியை மிகுதியாக உறிஞ்சுகிறது. எனவே, நீலம் மிகுந்த எல்இடியைக் குழல்விளக்கு அளவுக்குப் பளிச்சென்று தெரியும்வரை கூட்டினால், நாம் உணராத அவ்வளவு ஒளியும் பவளத்தின்மேல் விழும். பாசி தன்னால் கையாள இயலாத ஒளியைப் பெறும்போது தசைக்குள் தீங்கான ஆக்சிஜன் சேர்மங்கள் பெருகுகின்றன, அதைத் தாங்க முடியாமல் பவளம் பாசியை வெளியேற்றுகிறது. கைப்பேசியில் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் செயலியும் கண்ணின் உணர்வையொட்டியே அளப்பதால், இங்கு அதை நம்ப வேண்டாம்.

இன்றே நீலத்தை 45 விழுக்காட்டுக்கும் வெள்ளையை 15 விழுக்காட்டுக்கும் குறையுங்கள். இயன்றால் யாரிடமாவது பார் மீட்டரை (ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் கருவி) இரவல் பெற்று, ஒவ்வொரு பவளமும் இருக்கும் இடத்திலேயே உணரியை வைத்து அளந்து பாருங்கள். அந்த மீட்டர் காட்டும் எண்களில், மென்பவளங்களுக்கு 50 முதல் 100 வரையும், ஹேமர் போன்றவற்றுக்கு 80 முதல் 150 வரையும், ஆக்ரோபோராவுக்கு 200 முதல் 350 வரையும் பொதுவாகப் பொருந்தும். விளக்கில் தெரியும் விழுக்காடு அந்த விளக்குக்கு மட்டுமே உரியது என்பதால், இன்னொருவரின் 45 உங்கள் தொட்டியில் எதையும் குறிக்காது.

பதில் 2

மேலே சொன்னது சரியே. ஆனால், ஒளியைக் குறைக்கும் அதே நாளில் பவளத்தை இடம் மாற்றுவதையும், எரியும் நேரத்தை வெட்டுவதையும் சேர்த்துச் செய்துவிடாதீர்கள். எது பயன் தந்தது என்றே பிறகு தெரியாமல் போகும். ஏற்கெனவே நொந்திருக்கும் பவளத்துக்கு அது இன்னொரு அதிர்ச்சியாகவும் அமையும்.

இன்னொரு கேள்வி: விளக்கை மாற்றிய நாட்களில் நீரைத் தெளிவாக்கும் ஆக்டிவேட்டட் கார்பனும் புதிதாகப் போட்டீர்களா? நீரில் சேர்ந்திருந்த மஞ்சள் நிறம் நீங்கினால், அந்த நிறம் தடுத்து வைத்திருந்த நீல ஒளியும் உள்ளே இறங்கிவிடும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் எவ்வளவு என்பதையும் தெரிவியுங்கள். சத்து வற்றிய நீரில் ஒளி மட்டும் மிகுந்திருந்தால், பவளம் வெளுப்பது இன்னும் எளிது.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. உருப்பெருக்கியில் பார்த்தேன். வெண்மையின்மேல் பாலிப்புகள் இருக்கின்றன, மாலையில் அவை நுனியை நீட்டுவதையும் கண்டேன். கார்பனை ஆறு நாட்களுக்கு முன் மாற்றியது உண்மைதான். நைட்ரேட் சோதனையில் நிறமே வரவில்லை.

பார் மீட்டரும் கிடைத்தது. எல்இடியின் முந்தைய 70, 40 அளவில் ஆக்ரோபோரா இருக்கும் இடத்தில் 430, ஹேமர் அருகே 240, மணலில் 105 வந்தன. 45க்கும் 15க்கும் குறைத்தபின் அவை முறையே 265, 150, 65. ஹேமர் மூன்றாம் நாளே பகலிலும் பாதிக்கு மேல் விரிந்தது. இனி எப்போது கூட்டத் தொடங்கலாம்?

பதில் 1

அவசரம் வேண்டாம். 265 என்பது ஆக்ரோபோராவுக்குப் போதுமான ஒளிதான். அதன் பாசி மீண்டும் பெருகி நிறம் திரும்புவதற்குச் சில வாரங்கள் ஆகும், சிலவேளை மாதங்களும் ஆகலாம். வெளுத்த பகுதியில் இளம்பழுப்பு படரத் தொடங்கும்வரை அளவை மாற்றாதீர்கள். அதன்பிறகும் கூட்ட விரும்பினால், வாரத்துக்கு 2 அல்லது 3 விழுக்காட்டுக்கு மேல் போக வேண்டாம். ஹேமருக்கு 150 என்பதே மேல்வரம்பு என்பதால், விளக்கைக் கூட்டும் நாள் வரும்போது அதைச் சற்றுக் கீழே இறக்கிவிடுங்கள். அளக்கும்போது நீரோட்டப் பம்புகள் ஓடட்டும். அலையினால் எண்கள் தாவும் என்பதால், அரை நிமிடம் பார்த்துச் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பதில் 2

நைட்ரேட்டை 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5 பங்கு) அருகே கொண்டுவர, மீன்களுக்கான உணவை மெல்லக் கூட்டிப் பாருங்கள். அடுத்த முறை கார்பனில் பாதியை மட்டும் மாற்றிவிட்டு, மறுநாள் அதே மூன்று இடங்களிலும் மீண்டும் அளந்து இங்கே எழுதுங்கள்.