கம்பெனி கைமாறும் நேரத்தில் விதி மாறலாமா?

கோரமங்கலா குமரன்:
2020 ஏப்ரலில் பிரஸ் நோட் 3 என்ற அந்நிய முதலீட்டு அறிவிப்பு வந்தது. நம்மோடு நில எல்லை உள்ள நாடுகளின் முதலீட்டுக்கெல்லாம் மத்திய அரசின் அனுமதி கட்டாயமானது. அப்போது நான் இருந்த சின்ன கம்பெனியை வாங்க வந்தவரிடம் இருந்த பணத்தில் ஒரு பகுதி ஹாங்காங்கிலிருந்து வந்தது. பத்து மாதம் காத்திருந்தோம். அவர் விலகினார். 38 பேருக்கு வேலை போனது. ஊழியருக்குப் பங்கு தருவதாகச் சொன்ன என் இசாப் கடிதம் இன்னும் பீரோவில், ரேஷன் கார்டுக்கு அடியில் கிடக்கிறது. பில்லிங் மென்பொருளில் என்ன தேசப் பாதுகாப்பு?

ஜெயநகர் மீனா:
குமரன், உங்கள் வலி புரிகிறது. ஆனால் அந்த மாதத்தை நினைத்துப் பாருங்கள். கொரோனாவில் பங்குகள் அடிமாட்டு விலைக்கு விழுந்து கிடந்தன. எச்டிஎஃப்சி வீட்டுக்கடன் நிறுவனத்தில் சீன மத்திய வங்கியின் பங்கு 1 சதவீதத்தைத் தாண்டியது அப்போதுதான் தெரிய வந்தது. அரசு சும்மா இருந்திருக்க முடியுமா? 2014இல் வாட்ஸ்அப்பை ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்கியது. சொத்து, விற்றுமுதல் இரண்டை மட்டுமே நம் சட்டம் பார்த்ததால் கம்பெனி இணைப்புகளுக்கு ஒப்புதல் தரும் போட்டி ஆணையத்தின் பார்வைக்கே அது வரவில்லை. ஒப்பந்த மதிப்பு 2,000 கோடி ரூபாயைத் தாண்டினாலும் கேட்கலாம் என்ற விதி 2024 செப்டம்பரில்தான் வந்தது. பத்து வருடத் தாமதம்!

குமரன்:
ஓட்டையை அடைக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? பணம் கொடுத்த பிறகு விதியை மாற்றுவதுதான் தப்பு. 2018இல் வால்மார்ட் 1,600 கோடி டாலர் போட்டு ஃபிளிப்கார்ட்டில் 77 சதவீதம் வாங்கியது. அதே டிசம்பரில் இணைய வணிகத்துக்கான அந்நிய முதலீட்டு விதி இறுகியது. ஹட்ச் கம்பெனியை வாங்கியதற்கு வோடஃபோனுக்கு வரி கிடையாது என்று 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வருடமே முன்தேதியிட்டுச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதைக் கைவிட 2021 வரை ஆனது.

மீனா:
வோடஃபோன் விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான். பிரஸ் நோட் 3 அப்படியல்ல, அது முடிந்த ஒப்பந்தத்தைத் தொடவில்லை.

அல்சூர் ரவி:
இருபது வருடமாகக் கம்பெனி செக்ரட்டரி வேலை பார்க்கிறேன். என் அனுபவத்தில் விதியைவிட அதிகம் படுத்துவது காலி நாற்காலிதான். 2022 அக்டோபரில் போட்டி ஆணையத் தலைவர் ஓய்வு பெற்றார். முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, அதாவது கோரம், இல்லை. இணைப்புக் கோப்புகள் தேங்கின. வேறு வழியில்லாமல் 2023 பிப்ரவரியில் இருந்தவர்களே ஒப்புதல் கொடுக்கத் தொடங்கினார்கள். புதிய தலைவர் வந்தது மே மாதம். இப்போது ஆணையம் முடிவு சொல்ல வேண்டிய கெடுவை 210 நாளிலிருந்து 150 நாளாகக் குறைத்திருக்கிறார்கள். சரி, ஆளும் இருக்க வேண்டுமே.

குமரன்:
ரவி அண்ணா, அதே மாதிரி முதலீட்டு அனுமதிக்கும் சட்டத்திலேயே ஒரு கெடு வைக்கட்டும். ஐந்து மாதம்தான் என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால், சம்பளத்துக்குக் கடன் வாங்கியாவது கம்பெனியை ஓட்டியிருப்போம்.