மறு: கிளியர் ஏர் டர்புலன்ஸ் – 'காற்றடுக்குக் கொந்தளிப்பு' எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

இடிமேகம் ஏதுமில்லாத உயர்வானில் விமானம் திடீரெனக் குலுங்குவதைக் கிளியர் ஏர் டர்புலன்ஸ் என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'தெளிவான் கொந்தளிப்பு' (தெளிந்த வானின் கொந்தளிப்பு) என்று நம் குழுவின் அம்மையார் ஒருவர் முன்மொழிந்திருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை; 'காற்றடுக்குக் கொந்தளிப்பு' என்பதே என் பரிந்துரை. மெய்ப்புப் பார்ப்பவர் 'தெளிவான்' என்பதை எழுத்துப்பிழை என்று எண்ணி, 'தெளிவான' என்று திருத்திவிடுவார். அதைவிடப் பெரிய குறை, அந்தப் பெயர் காரணத்தைத் தொடவில்லை. வானம் தெளிந்திருப்பதால் விமானம் குலுங்குவதில்லை. மெல்லிய கீற்று மேகங்களுக்குள்ளும் இதே குலுக்கம் வரும்.

ஒன்றின் மேல் ஒன்றாக ஓடும் காற்றடுக்குகளின் வேகமோ திசையோ சட்டென்று மாறும் இடத்தில் ஓட்டம் உடைந்து சுழிகளாகிறது. இப்படி அடுக்கடுக்காகக் காற்று மாறுவதற்குக் கொங்கு நாட்டு வானமே சான்று. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே பாயும் மேற்குக் காற்று பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அதே நாளில், ஏறத்தாழ 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து தாரைக்காற்று (ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும், குறுகிய பட்டையாக விரைந்தோடும் காற்று) ஓடுகிறது. 1950களில் வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம் ஆராய்ந்து விளக்கிய காற்று அது. கோவை விமான நிலையம் உள்ள பீளமேட்டில் விமானம் மேலெழும்பும்போது உணரும் ஆட்டம் பெரும்பாலும் தரைவெப்பமும் மலையும் கலைத்த கீழ்க்காற்றினுடையது. உயரத்தில் காற்றடுக்குகள் மாறுவதால் வரும் குலுக்கத்தையும் இந்த ஆட்டத்தையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது.

விமானத்தின் வானிலை ரேடார் நீர்த்துளிகளைத்தான் காணும். காய்ந்த காற்றின் சுழி அதற்குப் புலப்படாது. ஆகவே பயணத் திட்டம் வகுப்பவர், விமானப் போக்குவரத்துக்கான லண்டன், வாஷிங்டன் உலக வானிலை முன்கணிப்பு மையங்கள் தரும் மேல்வளிக் காற்று முன்கணிப்பைப் பார்க்கிறார். உயரம் ஆயிரம் அடி கூடும்போது காற்றின் வேகம் 5 நாட் (knot; மணிக்கு ஏறத்தாழ 9 கிலோமீட்டர்) அளவுக்கு மேல் மாறினால் அவர் எச்சரிக்கையாகிறார். முன்னே சென்ற விமானி குலுக்கத்தைத் தெரிவித்தால், பின்னால் வருபவர் வேறு உயரம் கேட்கிறார். பல வேளைகளில் சில ஆயிரம் அடி ஏறினாலோ இறங்கினாலோ போதும். பெயரிலேயே அடுக்கு இருந்தால், காரணமும் தப்பும் வழியும் மாணவருக்குச் சேர்ந்தே விளங்கும்.

'அடுக்குக் கொந்தளிப்பு' என்று சுருக்கலாமே எனச் சிலர் கேட்கலாம். அடுக்கு மேகம் என்பது ஒரு மேக வகைக்கு (ஸ்ட்ரேட்டஸ்) ஏற்கெனவே வழக்கில் உள்ள சொல். குலுக்கம் அந்த மேகத்தினுடையது என்று படிப்பவர் நினைத்துவிடுவார். 'காற்று' கட்டாயம் வேண்டும்.

மலைத்தொடரைக் கடக்கும் காற்றில் எழும் அலைகள் உடைந்து உண்டாகும் குலுக்கத்தையும் இதற்குள் வைப்பதா, 'மலையலைக் கொந்தளிப்பு' என்று பிரிப்பதா? ஆங்கிலத்தில் அதையும் இதனுடன் சேர்த்துச் சொல்வதுண்டு. நான் பிரிப்பதையே விரும்புகிறேன். மறுப்பவர்கள் காரணத்துடன் எழுதுங்கள்.

அன்புடன்,
கோவையிலிருந்து